ரெஃபரி தாண்டாத கயிறு

எங்கள் சூசைத்துறையில் ஒரு கால்பந்தாட்டம் தொடங்கி, இடைவேளை விட்டு, கோல் விழுந்து, கடைசி விசில் ஊதி, கோப்பையும் கொடுத்து, அந்தக் கோப்பையில் கலர் ஊற்றி ஆளாளுக்கு ஒரு வாய் குடித்தும் ஆயிற்று. ஆனாலும் அந்த ஆட்டம் முடியவில்லை. இதைச் சொன்னால் பக்கத்துத் துறைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஒரு வருடம்கூட அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை, வயிற்றெரிச்சலுக்குச் சிரிப்பும் ஒரு மருந்துதானே.

ஏன் முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் கயிறு. கடற்கரை மணலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. இந்தப் பக்கம் போட்டுக்கொண்டு வரும்போதே அந்தப் பக்கம் போட்டதைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் மைதானத்தைச் சுற்றி எல்லையாகக் கயிறு போடுவோம், கரைமடி வலையை இழுக்கிற கயிறு, உப்பில் ஊறி உப்பில் காய்ந்தது. ஆட்டம் முடிந்ததும் ரெஃபரி முதலில் அந்தக் கயிற்றைத் தாண்டி வெளியே வரவேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அதில் கை வைக்கலாம் என்பது ஊர் வழக்கம். ஏனென்றால் ரெஃபரியின் அதிகாரம் கடைசி விசிலோடு போய்விடுவதில்லை. மைதானத்தை விட்டு வெளியேறுகிற வரைக்கும் அவர் மஞ்சள் கார்டும் எடுக்கலாம், சிவப்பு கார்டும் எடுக்கலாம், கைகுலுக்கும்போது கெட்ட வார்த்தை சொன்னவனைத் தண்டிக்கவும் செய்யலாம். இது உலகம் முழுக்க உள்ள சட்டம். கயிறு மட்டும்தான் எங்களுடையது.

அந்த வருடம் சூசையப்பர் திருவிழாவில், ஊரின் வடக்கும் தெற்கும் மோதிய இறுதி ஆட்டத்துக்கு ரெஃபரி பிளவேந்திரன். ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர், மெலிந்த ஆள், வாயைத் திறந்தால் சட்டம் பேசுவார். சின்ன வயதில் அவருக்கும் பந்தின் மேல் ஆசை இருந்தது, பந்துக்குத்தான் அவர் மேல் ஆசை இல்லை. எவ்வளவு ஓடினாலும் அவர் போய்ச் சேர்வதற்குள் அது இன்னொருவன் காலில் இருக்கும். பெரும்பாலும் அது தார்சியூஸின் காலில் இருக்கும். தார்சியூஸ் வள்ளக்காரன், வடக்கு அணியின் சென்டர் ஃபார்வேர்டு, நெஞ்சகலமும் கைவலுவும் உள்ளவன், ஒருகாலத்தில் செலினைப் பெண் கேட்டுப் போனவன். செலினின் அப்பா, கடலுக்குப் போகிறவனுக்குக் கொடுக்க மாட்டேன், கரையில் மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் கொடுப்பேன் என்று சொல்லி அவளைப் பிளவேந்திரனுக்குக் கட்டி வைத்தார். ஆக, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பிளவேந்திரன் தார்சியூஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார், அதுவும் தன் ஓட்டத்தால் இல்லை. அந்த நினைப்பு அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

செலின் தையல்காரி. வடக்கு அணியின் சட்டைகளெல்லாம் அவள் தைத்தவை. ஆட்டத்தின் கடைசி நேரத்தில் தார்சியூஸ் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்து வெளியே துள்ள, கோல்தான் என்று பாதி ஊரும் இல்லை என்று மீதி ஊரும் தொண்டை கிழியக் கத்த, பிளவேந்திரன் கோல் என்று கையை நீட்டிக்கொண்டு நடுவட்டத்தை நோக்கி ஓடினார். தார்சியூஸ் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினான். கோல் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் கார்டு, பிளவேந்திரனுக்குத் தூக்கத்திலும் தெரிந்த சட்டம் அது. ஆனால் சட்டை சுழல்வதைக் கண்டும் அவர் கை கார்டுக்குப் போகவில்லை, கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டிய செலினைப் பார்த்தார். கை சிவக்க, பல் தெரிய, முந்தானை நழுவியதுகூடத் தெரியாமல் தட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்காக அப்படித் தட்டியதில்லை. ரெஃபரிக்கு யார் கை தட்டுவார்கள்?

கடைசி விசிலை ஊதிவிட்டும் அவர் நடுவட்டத்திலேயே நின்றார். கோப்பை கொடுத்தபோதும் நின்றார். அப்போது கரைப்பக்கமிருந்து "சாளை! சாளை!" என்று கூப்பாடு வந்தது. கரையை ஒட்டி மீன் கூட்டம், தண்ணீரே கறுத்துக் கிடக்கிறது, வலை தயார், கயிறு மட்டும் மைதானத்தைச் சுற்றிக் கிடக்கிறது. எங்கள் ஊரில் சாளை என்று சத்தம் கேட்டால் கல்யாண மாப்பிள்ளைகூடப் பீடத்தை விட்டு இறங்கி ஓடுவான். வழக்கமாவது மண்ணாவது என்று நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கயிற்றை உருவிக்கொண்டு ஓடினோம். பிளவேந்திரன் திரும்பிப் பார்த்தபோது கயிறு இல்லை. தாண்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஒன்றையும் தாண்டாமல் அவர் வீட்டுக்கு நடந்து போனார். அன்று அள்ள அள்ள மீன் வந்தது, இழுத்த இழுப்பில் கயிறும் அறுந்து பாதி கடலோடு போனது, அவர் எப்படிப் போனார் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஐஸ் கம்பெனி வாசலில் கிறிஸ்பின் என்கிற மீன் வியாபாரி வரிசையை மீறி முன்னால் புகுந்தான். பிளவேந்திரனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. வந்தது மஞ்சள் கார்டு. உடனே கிறிஸ்பினுக்கு இரண்டு உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கியது, ஆனால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் சிரித்தான்.

"ஓய் ரெஃபரி, மேட்சு நேத்தே முடிஞ்சாச்சு. கார்ட மடக்கி உள்ள வையும்."

எதிர்த்துப் பேசியதற்கு இரண்டாவது மஞ்சள், இரண்டு மஞ்சளுக்கு ஒரு சிவப்பு என்று பிளவேந்திரன் சட்டப்படி அடுத்தடுத்துக் காட்டினார். கிறிஸ்பினின் கால்கள் திரும்பின. அவன் திரும்பவில்லை, கால்கள்தான் திரும்பின. வாய் பின்பக்கம் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்க, கால்கள் அவனைச் சந்தி வழியாக, குருசடி வழியாக, கால்வாய்ப் பாலத்தைக் கடந்து, அக்கரையில் தாழம்புதர்ப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தின. திரும்பி வரப் பார்த்தான், பாலத்தில் கால் ஏறவில்லை.

எங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கயிற்றைத் தாண்டாத ரெஃபரி இன்னும் மைதானத்துக்குள்தான் இருக்கிறார், கயிறே இல்லாத மைதானம் எங்கே முடியும், சின்னப்பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். கிறிஸ்பின் மனைவி அழவில்லை, "காலுதானே போயிருக்கு, வயிறு அவருகிட்டதானே இருக்கு" என்று சொல்லித் தூக்குப்பாத்திரத்தில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பங்குச்சாமி கஸ்பார் மட்டும் சும்மா இருக்காமல், புதுக் கயிறு வாங்கிவந்து மைதானத்தைச் சுற்றிப் போட்டு, மந்திரித்த தண்ணீரும் தெளித்து, பிளவேந்திரனை உள்ளே நிறுத்தித் தாண்டச் சொன்னார். அவரும் தாண்டினார்.

"இப்ப எனக்கே மஞ்சக் கார்டு காட்டிப் பாரு," என்றார் சாமி.

காட்டினார். அன்று மாலைத் திருப்பலி முழுக்கச் சாமி பீடத்துக்குப் பின்னால் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு நின்றார். புதுக் கயிற்றுக்குப் பழைய ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? பங்குச்சாமிக்கு இதைவிடப் பெரிய வருத்தம் வேறொன்று. பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிற கூட்டம் குறைந்து, எல்லோரும் ஐஸ் கம்பெனி வாசலுக்குப் போனார்கள். அங்கே தன் பாவத்தைச் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக்காரன் பாவத்தைச் சொன்னால் போதும்.

என்ன சொன்னார்கள் என்று கேட்டால், மேலவீட்டுக்காரி முற்றத்தைக் கூட்டி என் வாசலில் தள்ளுகிறாள், அவன் வள்ளத்துக்கு மட்டும் எப்படி ஓயாமல் மீன் படுகிறது, அவள் மகளுக்கு வந்த வரன் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும், ஒரு மஞ்சளாவது காட்டுங்கள் என்று கெஞ்சினார்கள். பிளவேந்திரன் கண்ணால் காணாத குற்றத்துக்குக் கார்டு எடுக்க மாட்டார். கண்டால் விடவும் மாட்டார். அதனால் அக்கரையில் ஆள் சேர்ந்தது. அந்த இடத்துக்குப் பெஞ்சு என்று பேர் வைத்தோம். பெஞ்சுக்கு எல்லா வீட்டிலிருந்தும் சோறு போயிற்று, அங்கே நல்ல காற்று, நாள் முழுக்கச் சீட்டாட்டம், யாரோ ஒரு டீக்கடையும் போட்டுவிட்டார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சும்மாவா சொன்னார்கள், வெயிலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. பிளவேந்திரன் வரும் நேரம் பார்த்து வேண்டுமென்றே சண்டை போட்டவர்கள் உண்டு. எனக்கு வெறும் மஞ்சள், அவனுக்கு மட்டும் சிவப்பா என்று மனம் நொந்தவர்களும் உண்டு.

ஏதாவது சில நாட்களில் மட்டும் பெஞ்சில் இருந்தவர்களின் கால்கள் தானாகப் பாலத்தில் ஏறி இக்கரைக்கு வந்துவிடும். வீட்டுக்குப் போவார்கள், குளிப்பார்கள், பிள்ளையைத் தூக்குவார்கள், ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்துக் கால்கள் மறுபடி அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். இன்றைக்கு ரெஃபரிக்கு மனசு இளகியிருக்கிறது, லீவு விட்டிருக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த நேரங்களில் பிளவேந்திரன் எங்கே இருந்தார் என்று யாரும் யோசிக்கவில்லை. தெற்குக் கோடியில் ஐஸ் பெட்டி இறக்கப் போயிருந்தார்.

ஊருக்கெல்லாம் கார்டு காட்டினாலும் பிளவேந்திரன் காத்திருந்தது ஒருவனுக்காகத்தான். சட்டையைக் கழற்றிய குற்றத்துக்கு, ஆட்டம் முடியாததால் இன்னும் காலம் கடக்கவில்லை என்று சொல்லி, மீன் ஏலம் நடக்கிற இடத்தில் தார்சியூஸுக்கு ஒரு மஞ்சள் காட்டினார். இன்னொன்று மட்டும் போதும். ஆனால் அந்த இன்னொன்று வரவில்லை. உள்ளங்கால் அரிப்போடு நடமாடிய தார்சியூஸ் அன்றிலிருந்து ஊரிலேயே ஒழுங்கானவன் ஆகிவிட்டான். வரிசையில் கடைசியில் நின்றான், ஏலத்தில் குரல் உயர்த்தவில்லை, குடியை விட்டான், பூசைக்கு முதல் மணியிலேயே வந்து முட்டுக்குத்தினான், எதிரே வந்த கோழிக்கும் வழி விட்டான். வெளியே துரத்த வேண்டும் என்று காட்டிய கார்டு அவனைப் புனிதனாக்கிவிட்டது. தாய்மார்கள் பிள்ளைகளைத் தட்டும்போது, தார்சியூஸ் மாமனைப் பாத்துப் படி என்றார்கள். செலினும் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "தார்சியூஸு எப்பிடி மாறிட்டான் பாத்தீங்களா" என்றாள். பிளவேந்திரனுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்பது கண்ணில் விழுந்த மணல் மாதிரி, கசக்கக் கசக்க உள்ளே போகும். அவர் வேலையில் இருக்கும்போதும் கசக்கினார், செபம் சொல்லும்போதும் கசக்கினார்.

ஒரு மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது வாசல்படியில் தார்சியூஸ் நின்றான். அக்குளில் கிழிந்த சட்டைக்குப் பதிலாகப் புதிது தைக்க அளவு கொடுக்க வந்திருந்தான். செலின் அவன் நெஞ்சைச் சுற்றி இஞ்சு டேப்பைப் பிடித்துக்கொண்டு எதற்கோ சிரித்தாள். பிளவேந்திரனைக் கண்டதும் தார்சியூஸ் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டான்.

"அண்ணே, அளவுதான் குடுக்கேன். நான் அசையவே இல்லண்ணே."

பிளவேந்திரன் அவனிடம் ஒரு குற்றம் தேடினார், தலைமுடியிலிருந்து கால் நகம் வரை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. தார்சியூஸ் கையை இறக்காமலே படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டான்.

"எதுக்கு அவன இப்பிடி மொறைக்கீங்க?" என்றாள் செலின். "பாவம், மூச்சு விடவே பயந்து நிக்கான்."

"நீ எதுக்கு அவனுக்குக் கை தட்டின?"

"எப்போ?"

"ஃபைனல்ல."

அவளுக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அதையா இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க? நான் தட்டினது உங்களுக்கு. கோலு உண்டா இல்லியான்னு ஊரே அடிச்சுக்கிட்டு நிக்கும்போ, ஒத்த ஆளா கைய நீட்டிட்டு நடுவுல ஓடினீங்களே, அதப் பாத்துதான் தட்டினேன்."

"பொய்."

"பொய்யின்னா பொய்யின்னே வச்சுக்கோங்க. உங்களுக்க சட்டத்துல கை தட்டினா குத்தமோ?"

"ரெஃபரிய எதுத்துப் பேசினா குத்தம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் சிவப்பு கார்டு அவர் தலைக்கு மேலே நின்றது. செலினின் கால்கள் திரும்பின. கழுத்தில் இஞ்சு டேப் தொங்க, அவள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. திரும்பிப் பார்த்து, "அடுப்புல மீன் கொதிக்கு, எறக்கி வச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் உள்ளே போய் மீன் சட்டியை இறக்கி வைத்தார். இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

சிவப்பு கார்டைக் கிழித்துப் பார்த்தார், காலையில் பைக்குள் முழுசாக இருந்தது. அடுப்பில் போட்டார், அடுத்த நாளும் இருந்தது. வீட்டு வாசலில் நின்று அக்கரையைப் பார்த்து, நான் காட்டியது செல்லாது என்று கத்தினார். செலின் பாலத்தில் கால் வைக்கப் பார்த்தாள், ஏறவில்லை. ரெஃபரி தப்பாக ஊதினாலும் ஊதினது ஊதினதுதான் என்று இத்தனை வருடமாக எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் அவர் மனசின் ஒரு மூலையில் ஒரு ஆறுதல் இருந்ததை மறைக்க வேண்டாம். அவள் அந்தக் கரை, தார்சியூஸ் இந்தக் கரை.

அந்த ஆறுதலும் சில நாள்தான் நின்றது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைகளெல்லாம் தைக்காமல் கிடக்க, ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி, செலினின் தையல் மெஷினை அக்கரைக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். பழைய இரும்புக் கால் வைத்த மெஷின், இரண்டு ஆள் பிடித்தாலும் முனகவைக்கும். தார்சியூஸ் அதைத் தனியாளாகத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஐஸ் கம்பெனி வாசல் வழியாக, பிளவேந்திரனின் கண்ணுக்கு முன்னால், பாலத்தைக் கடந்து போனான். அதற்குச் சட்டத்தில் கார்டு இல்லை. அன்று மாலையே பெஞ்சுப் பக்கம் மெஷின் ஓடியது, செலின் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். வெளியே அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து இருந்தார்கள், அனுப்பியவர்தான் தனியாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிளவேந்திரன் பாலத்தில் ஏறினார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் கால்வாயைத் தாண்டியதே இல்லை. நாங்களெல்லாம் பின்னால் நின்று பார்த்தோம். அவர் பாலத்தில் கால் வைத்ததும் அக்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டோடு எழுந்தார்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவன் கிளாசோடு எழுந்தான், எல்லோருடைய கால்களும் அவர்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போயின. செலினின் கால் மெஷின் மிதியிலிருந்து எழுந்து, அவளையும் பின்னுக்கு நடத்தியது. அவர் வேகமாக நடந்தார், அவளும் வேகமாகப் பின்னால் போனாள். அவர் ஓடினார்.

"நில்லுங்க! அங்கயே நில்லுங்க!" என்று அவள் கத்தினாள்.

அவர் நின்றார், அவளும் நின்றாள். இருவருக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம்.

"ஒரு அடி பின்னால போங்க."

போனார். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"இன்னொண்ணு."

அவள் இன்னொரு அடி வந்தாள். துணியை அளக்கிறவள், எங்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் அது விளங்கியது. "எல்லை பாலம் இல்ல," என்றாள். "நீங்கதான் எல்லை. நீங்க நிக்க எடந்தான் கிரவுண்டு, நாங்க அதுக்கு வெளிய நிக்கோம்."

"அப்போ தெக்க ஐஸ் பெட்டி எறக்கப் போனப்பதான் எங்களுக்கு லீவு வந்ததா?" என்று கிறிஸ்பின் மனம் உடைந்து கேட்டான். "எரக்கப்பட்டு விட்டீருன்னுல்லா நெனச்சேன். ஒமக்காக ஒரு மெழுகுதிரிகூடக் கொளுத்தினேன், ஓய்."

அவர் போய்விட்டால் எல்லோரும் வீட்டுக்கு வரலாம் என்பது பாலத்தின் இரண்டு பக்கமும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஆனால் போங்கள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பிளவேந்திரனுக்கு முதலில் வந்த எண்ணம், நான் போனால் அவளும் தார்சியூஸும் ஒரே கரையில் இருப்பார்கள் என்பதுதான். இங்கேயே இருந்துவிட்டால் என்ன, அவள் அங்கேயே கிடக்கட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தார். நினைத்த பிறகு அவருக்கே தன்னைக் கண்டு கூச்சமாக இருந்தது.

"செலினே, நீ என்ன சொல்லுதே?" என்று கேட்டார். கூப்பிடு தூரம் என்பதால் அதையும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கு எனக்க வீட்டுல இருக்கணும்," என்று அவளும் கத்தினாள். பிறகு, "உங்க கூடயும் இருக்கணும். ரெண்டும் சேந்து நடக்காது போல," என்றாள்.

பாலம் வழியாகப் போனால் அவர்களை முன்னால் விரட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் பிளவேந்திரன் கரைக்கு வந்து ஒரு வள்ளத்தில் ஏறி, கடல் வழியாக, கால்வாய் கடலில் சேர்கிற பொழிமுகம் சுற்றி, கால்வாய்க்குள் நுழைந்தார். அவர் கடலுக்குள் போகப் போகப் பெஞ்சிலிருந்தவர்கள் பாலத்தில் ஏறினார்கள், பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்ள, வீடுகளில் புகுந்தார்கள். அவர் தாழம்புதர் பக்கம் இறங்கியபோது அங்கே கலைந்த சீட்டுக்கட்டும், டீ கிளாசும், பாதி தைத்த சட்டையோடு செலினின் மெஷினும் மட்டும் இருந்தன.

அன்றிலிருந்து அவர் அக்கரை. நாங்கள் சோறு அனுப்பினோம். அவருடைய வீட்டு வாசல் அங்கிருந்து நன்றாகத் தெரியும், அதுதான் கொடுமை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் செலின் வாசலுக்கு வந்து நிற்பாள், இருவரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். கட்டிலில் முனகிப் பேச வேண்டிய பேச்செல்லாம் ஊர் கேட்கப் போயிற்று. "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்!" என்பாள். "இன்னைக்கு வீட்டுக்கு யாரு வந்தா?" என்பார். அவளுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும், "யாரும் வரலைய்யா!" என்று கத்துவோம்.

மெஷின் மட்டும் அவரோடு இருந்தது. அதை எடுக்கப் போக ஊரில் யாருக்கும் தைரியமில்லை, ஒரு மஞ்சள் ஏற்கெனவே வாங்கியவனுக்கு அறவே இல்லை. பிளவேந்திரன் இரவில் தன் வேட்டியை அதன்மேல் போர்த்தினார், காலையில் உப்புக் காற்றைத் துடைத்து எண்ணெய் விட்டார், அவளுடைய கால் பட்ட மிதியைத் தடவிப் பார்த்தார். செலின் அதைக் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்து, கண்ணுக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்துக் கையால் தைத்தாள். சீருடைகள் பாதியில் நின்றன. அவள் முதுகு வளைந்திருப்பதை அவர் தினமும் அக்கரையிலிருந்து பார்த்தார், பார்த்துவிட்டு மெஷினைத் திரும்பத் துடைத்தார்.

ஒருநாள் காலை, ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, அக்கரையிலிருந்து சத்தம் வந்தது.

"தார்சியூஸே!"

ஏலக்காரர் விலை சொல்வதை நிறுத்தினார். தார்சியூஸ் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் பாலத்தைக் கடந்து போனான்.

"மெஷின எடு," என்றார் பிளவேந்திரன்.

"அண்ணே, நான் வேற யாரையாவது…"

"தனியா தூக்க ஒன்னாலதான் முடியும். நான் பாத்தேன்."

அவர் தன் தோள் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி, தார்சியூஸின் தலையில் தானே வைத்தார். குனிந்து மெஷினின் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி, அவன் தலையில் ஏற்றி, ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"எங்கண்ணே வைக்கணும்?"

"சன்னல் பக்கம். அவளுக்கு எடது பக்கமா வெளிச்சம் விழணும். வச்சிட்டு…"

வச்சிட்டு ஒடனே திரும்பி வந்திரு என்று சொல்லப்போகிறார் என்று பாலத்தருகே நின்ற நாங்கள் நினைத்தோம். அவருக்கும் அதுதான் வாய் வரை வந்திருக்க வேண்டும்.

"வச்சிட்டு, ஒரு தடவ ஓட்டிப் பாக்கச் சொல்லு. ஆடிச்சின்னா, காலுக்கு அடியில ஒரு தகடு வச்சுக் குடுத்துட்டுப் போ."

தார்சியூஸ் பாலத்தைக் கடந்து, சந்தி வழியாக நடந்து, வாசலில் குனிந்து வீட்டுக்குள் நுழைந்தான். செலினும் பின்னாலேயே உள்ளே போனாள். பிளவேந்திரன் அக்கரையில் நின்று அந்த வாசலையே பார்த்தார். வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. வெளியே வர வேண்டியவன் வரவில்லை, இன்னும் வரவில்லை, அவருடைய கை சட்டைப் பைக்குப் போயிற்று, இரண்டு விரல் கார்டைப் பிடித்தது. பிடித்தபடியே இருந்தது, எடுக்கவில்லை. மெஷின் ஆடியிருக்கும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.